ஒரு சொல் விட்டுப்போன கதை: சுவிட்சுக்குள் நுழையும் வழிகள்

ஐப்பசி அடைமழை. மரக்காணத்தில் உப்பு வாருவது நின்றுபோய், பாத்தியெல்லாம் மழைத் தண்ணீர். அந்த ஊரில் ஓர் உப்பு வியாபார அலுவலகத்தின் எடைமேடைக்குப் புதிதாகக் கேமரா மாட்டியிருந்தார்கள். கேமராக்களைத் தனி விலானில், அதாவது ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்கில், போட வேண்டும். விலான் எண் 30. நான் சென்னையில் உட்கார்ந்தபடியே சுவிட்சுக்குள் நுழைந்து, பல விலான்களைச் சுமந்து மேல்நோக்கிப் போகும் டிரங்க் போர்ட்டில் 30-ஐயும் அனுமதிக்கும் கட்டளையை அனுப்பினேன். அனுப்பிய நொடியில் திரை உறைந்தது.

சிஸ்கோ சுவிட்சில் அந்தக் கட்டளையில் 'ஆட்' என்றொரு சொல் சேர்க்க வேண்டும். சேர்த்தால் "30-ஐயும் விடு" என்று பொருள். விட்டுவிட்டால் "30-ஐ மட்டும் விடு". நான் உள்ளே போயிருந்ததே விலான் 10 வழியாக. உட்கார்ந்திருந்த கிளையை நானே வெட்டிவிட்டேன்.

மாற்றத்தைச் சேமிக்காமல் இருந்தால், அங்கே யாரையாவது விட்டு மின்சாரத்தை அணைத்துப் போடச் சொன்னால் போதும். சுவிட்ச் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நான் செய்த இரண்டாவது தவறு அதற்கும் ஆப்பு வைத்தது. கட்டளைகளை நோட்பேடில் எழுதி வைத்து மொத்தமாக ஒட்டியிருந்தேன். கடைசி வரி 'ரைட் மெமரி'. எல்லா வரியும் ஒரே வீச்சில் போய்ச் சேர்ந்து, தவறும் பத்திரமாகச் சேமிக்கப்பட்டது.

மறுநாள் காலை ஈசிஆரில் பாண்டிச்சேரி பஸ். மூன்று மணி நேரம் கழித்து, எடைமேடை அறையில் கன்சோல் கேபிளைச் செருகி ஒரே வரி அடித்தேன். எல்லாம் உயிர்பெற்றது. பின்னால் நின்றிருந்த வாட்ச்மேன் கேட்டார்: "ரெண்டு வார்த்தை அடிக்கவா தம்பி மெட்ராஸ்லருந்து வந்த?"

"ஒரு வார்த்தைதாண்ணே" என்றேன்.

நெட்வொர்க் வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். சுவிட்சுக்குள் போக ஐந்தாறு வழிகள் உண்டு; எல்லாவற்றையும் ஒரு வாரத்தில் கற்கலாம். எந்த நேரத்தில் எந்த வழியில் போவது, அந்த வழி அடைந்துபோனால் அடுத்தது எது என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைப்பதில்தான் சம்பளத்துக்கான வேலை இருக்கிறது.

முதலில் பெட்டியைப் பாருங்கள்

கடையில் கிடைக்கும் சுவிட்சுகள் மூன்று ரகம். சாதாரண ரகத்தில் பிளக்கைச் செருகினால் வேலை செய்யும். உள்ளே போக வழியே கிடையாது. ஸ்மார்ட் ரகத்தில் உலாவி வழியாக ஒரு பக்கம் திறக்கும். விலான் பிரிப்பது போன்ற அடிப்படை வேலைகள் முடியும். மேனேஜ்டு ரகத்தில்தான் கன்சோல், எஸ்எஸ்எச், எஸ்என்எம்பி என்று எல்லா வாசலும் இருக்கும். பல் டாக்டர் கிளினிக்குக்கு முதல் ரகம் போதும். எடைமேடை, கணக்கு அறை, கேமரா, தொழிலாளர் வருகைப் பதிவு என்று நான்கு கட்டடங்களை இணைக்கும் இடத்தில் முதல் ரகத்தை வைத்தால், கோளாறு வரும்போது ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிப் பார்ப்பது தவிர வேறு வழியில்லை.

சுவிட்சுக்கு முன்பிருந்த ஹப் காலத்தில் ஒரு போர்ட்டில் வந்த தகவல் எல்லாப் போர்ட்டுக்கும் போனது. அதை மாற்றிய முதல் ஈதர்நெட் சுவிட்சுக்குப் பின்னால் நம் காதுக்குப் பழகிய பெயர் ஒன்று இருக்கிறது. லாரி பிளேரும் இந்திய வம்சாவளியினரான வினோத் பரத்வாஜும் கலிபோர்னியாவில் தொடங்கிய 'கல்பனா' நிறுவனம் 1990 வாக்கில் ஏழு போர்ட் கொண்ட ஈதர்சுவிட்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1994-இல் சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கியது.

நேர்காணலில் அடிக்கடி வரும் கேள்வி: "சுவிட்சுக்கு ஐபி முகவரி எதற்கு?" தகவலைப் போர்ட்டுக்குப் போர்ட் கடத்தும் இரண்டாம் அடுக்கு சுவிட்சுக்கு ஐபி தேவையில்லை; அது மேக் முகவரியைப் பார்த்தே வேலை செய்யும். ஐபி நாம் உள்ளே போவதற்கு மட்டும். இது புரிந்தவருக்கு அடுத்து வருவதெல்லாம் சுலபம்.

வழி 1: கன்சோல்

நெட்வொர்க் செத்துக் கிடந்தாலும் வேலை செய்யும் வாசல் இது. ஐபி வேண்டாம், விலான் வேண்டாம். பெட்டிக்கு மின்சாரமும் உங்கள் கையில் ஒரு கேபிளும் இருந்தால் போதும்.

சிஸ்கோவோடு வரும் வெளிர் நீலத் தட்டைக் கேபிளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு முனையில் ஆர்ஜே-45, மறுமுனையில் ஒன்பது துளை சீரியல். இன்றைய லேப்டாப்பில் சீரியல் போர்ட் கிடையாது. யுஎஸ்பி மாற்றி ஒன்று வாங்குங்கள். புதிய சுவிட்சுகள் பலவற்றில் யுஎஸ்பி கன்சோலும் இருக்கிறது. லேப்டாப்பில் புட்டி அல்லது டெரா டெர்ம் திறந்து, சீரியலைத் தேர்ந்தெடுங்கள். அமைப்பு: வேகம் 9600, டேட்டா பிட் 8, பாரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1, ஃப்ளோ கன்ட்ரோல் இல்லை. இந்த வரியைப் பையிலுள்ள நோட்டில் எழுதி வையுங்கள்.

திரையில் கட்டமும் கோணலுமாகக் குப்பை எழுத்து வந்தால் சுவிட்ச் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். வேகம் பொருந்தவில்லை, அவ்வளவுதான். மைக்ரோடிக் போன்ற சில தயாரிப்புகளில் வேகம் 115200. திரை வெறுமையாகவே இருந்தால் இரண்டு முறை என்டர் தட்டிப் பாருங்கள். பிறகு காம் போர்ட் எண்ணைச் சரிபாருங்கள்.

யுஎஸ்பி மாற்றிக்கான டிரைவரை முன்கூட்டியே லேப்டாப்பில் ஏற்றி, பென்டிரைவிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் இணையம் விழுந்ததால்தான் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே போய் டிரைவரை எங்கிருந்து இறக்குவீர்கள்?

கன்சோலுக்கு இன்னொரு முகமும் உண்டு. கேட்டலிஸ்ட் 2960 வகை சுவிட்சில் முன்புறமுள்ள மோட் பொத்தானை அழுத்தியபடி மின்சாரம் கொடுத்தால், அமைப்புக் கோப்பின் பெயரை மாற்றிவிட்டுக் கடவுச்சொல் இல்லாமலே உள்ளே போகலாம். கடவுச்சொல்லை மறந்துபோன இடத்தில் இது கைகொடுக்கும். ரேக்குக்குப் பூட்டு இல்லாத இடத்தில் இதே வழி யாருக்கும் திறந்திருக்கும். சுவிட்சின் முதல் பாதுகாப்பு, ரேக்கின் பித்தளைப் பூட்டு.

வழி 2: எஸ்எஸ்எச், டெல்நெட்டை மறந்துவிடுங்கள்

தினசரி வேலைக்கு இதுதான். டெல்நெட் 23-ஆம் எண் போர்ட்டில் ஓடும் பழைய நெறிமுறை. கடவுச்சொல் உட்பட எல்லாமே வெட்டவெளிச்சமாகப் போகும். அது போகும் பாதையில் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்து உட்கார்ந்திருப்பவர் எழுத்து எழுத்தாகப் படித்துவிடலாம். 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் இப்படிக் கடவுச்சொற்கள் திருடுபோன பிறகுதான், அங்கே இருந்த தாத்து யூலோனன் எஸ்எஸ்எச்சை எழுதினார். அது 22-ஆம் எண் போர்ட்டில், மறையாக்கத்தோடு ஓடுகிறது.

புது சிஸ்கோ சுவிட்சில் எஸ்எஸ்எச் திறக்கும் வரிசை இது. முதலில் நிர்வாக விலானுக்கு ஐபி கொடுத்து, டிஃபால்ட் கேட்வே வையுங்கள். சுவிட்சுக்குப் பெயரும் டொமைன் பெயரும் வையுங்கள். 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவி உருவாக்கி, பதிப்பு 2-ஐக் கட்டாயமாக்குங்கள். பயனர் பெயரை 'சீக்ரெட்' வகைக் கடவுச்சொல்லோடு உருவாக்குங்கள். கடைசியாக, தொலைவிலிருந்து நுழைபவர்களுக்கான விடிஒய் வரிகளுக்குப் போய், உள்ளூர்ப் பயனரைக் கேட்கும்படியும் எஸ்எஸ்எச்சை மட்டும் அனுமதிக்கும்படியும் சொல்லுங்கள்.

இதில் புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் மூன்று. ஒன்று, கேட்வேயை மறப்பது. அதே விலானில் உட்கார்ந்தால் சுவிட்ச் பதில் சொல்லும்; வேறு நெட்வொர்க்கிலிருந்து கூப்பிட்டால் பேசாது. "இங்கே வருகிறது, அங்கே வரவில்லை" என்ற புகார் வந்தால் முதலில் கேட்வேயைப் பாருங்கள். இரண்டு, விடிஒய் வரிகளில் 0 முதல் 4 வரை மட்டும் பூட்டிவிட்டு 5 முதல் 15 வரை விட்டுவிடுவது. மூன்று, யார் வேண்டுமானாலும் கதவைத் தட்டலாம் என்று விடுவது. நிர்வாக நெட்வொர்க்கிலிருந்து வருபவர்களுக்கு மட்டும் அனுமதி என்று ஓர் அக்சஸ் லிஸ்ட் போட்டுவிடுங்கள்.

சுவிட்சுகள் பத்தைத் தாண்டினால் ஒவ்வொன்றிலும் தனித்தனிப் பயனர் வைத்து மாளாது. வேலையை விட்டுப் போனவரின் பெயரை எல்லாப் பெட்டியிலும் நீக்கினோமா என்ற சந்தேகம் தீராது. அப்போது ரேடியஸ் அல்லது டக்காக்ஸ் சர்வரில் ஒரே இடத்தில் பயனர்களை வைப்பார்கள். அங்கும் ஓர் உள்ளூர்ப் பயனரைக் கைவசம் வையுங்கள். சர்வரே விழுந்த நாளில் அவர்தான் உங்களை உள்ளே விடுவார்.

வழி 3: உலாவி

சிறிய அலுவலகங்களில் பெரும்பாலும் இந்த வழிதான். டிபி-லிங்க் ஸ்மார்ட் சுவிட்சுகள் பலவற்றில் ஆலையிலிருந்து வரும் முகவரி 192.168.0.1. டி-லிங்கில் 10.90.90.90. சிஸ்கோவின் சிறுதொழில் சுவிட்சுகளில் 192.168.1.254. லேப்டாப்புக்கும் அதே வரிசையில் கையால் ஒரு ஐபி கொடுத்து, நேராகக் கேபிள் போட்டு, உலாவியில் அந்த முகவரியை அடித்தால் உள்நுழைவுப் பக்கம் திறக்கும்.

உள்ளே போனதும் செய்ய வேண்டிய முதல் வேலை, ஆலைக் கடவுச்சொல்லை மாற்றுவது. இரண்டாவது, எச்டிடிபியை அணைத்து எச்டிடிபிஎஸ்சை மட்டும் வைப்பது. மூன்றாவது, இந்தப் பக்கம் இணையத்திலிருந்து எட்டாதபடி பார்த்துக்கொள்வது. 2023 அக்டோபரில் சிஸ்கோ ஐஓஎஸ் எக்ஸ்இ மென்பொருளின் வெப் பக்கத்தில் ஒரு பெரிய ஓட்டை வெளிவந்தது. கடவுச்சொல்லே இல்லாமல் வந்தவர்கள் தங்களுக்கு முழு அதிகாரப் பயனரை உருவாக்கிக்கொண்டார்கள். உலகெங்கும் பல்லாயிரம் பெட்டிகள் சிக்கின. வெப் பக்கத்தை இணையத்துக்குத் திறந்து வைத்திருந்தவர்கள்தான் மாட்டினார்கள். தேவையில்லை என்றால் அந்தச் சேவையையே அணைத்துவிடுங்கள்.

வழி 4: எஸ்என்எம்பி

இது உள்ளே போகும் வாசல் என்பதைவிட, எட்டிப் பார்க்கும் ஜன்னல். எஸ்என்எம்பி 1988-இல் வந்த நெறிமுறை. சுவிட்சிடம் "எந்தப் போர்ட்டில் எவ்வளவு போகிறது, பிழை எத்தனை, சூடு எவ்வளவு" என்று 161-ஆம் எண் போர்ட்டில் கேட்டு வாங்கும். அவசரம் என்றால் சுவிட்சே 162-க்குத் தகவல் அனுப்பும். அதற்கு டிராப் என்று பெயர். சாபிக்ஸ், லிப்ரே என்எம்எஸ் இரண்டும் இலவசம். பழைய கணினி ஒன்றில் நிறுவி, வரைபடங்களைப் பார்த்துப் பழகுங்கள்.

பதிப்பு 1, 2சி இரண்டிலும் கம்யூனிட்டி என்ற ஒற்றைச் சொல்தான் கடவுச்சொல்; பல பெட்டிகளில் அது 'பப்ளிக்' என்றே வரும். அதுவும் வெட்டவெளியில் போகும். முடிந்த இடத்தில் பதிப்பு 3 போடுங்கள். முடியாத இடத்தில் சொல்லை மாற்றி, படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள்.

மரக்காணத்தில் கேமராக்களை இணைத்த ஒரு போர்ட்டில், வழியில் சிதைந்த தகவலைக் காட்டும் சிஆர்சி பிழைகளின் வரைபடம் தினமும் விடியற்காலையில் ஏறும், வெயில் வந்ததும் தட்டையாகும். மூன்று வாரம் அப்படியே. நேரில் போய்க் கழற்றிப் பார்த்தால், கேபிள் முனையின் எட்டுத் தகடுகளில் இரண்டில் பச்சைப் பாசிபோல் துரு. இரவுப் பனியில் உப்பு ஈரம் பிடித்து, வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அந்த வரைபடம் இல்லாவிட்டால் கேமராவை மாற்றி, சுவிட்சை மாற்றி, கடைசியில் என்னையும் மாற்றியிருப்பார்கள்.

எஸ்என்எம்பியோடு சிஸ்லாகையும் திருப்பிவிடுங்கள். சுவிட்சின் நாட்குறிப்பு வேறொரு கணினியில் சேரும். இந்தியாவில் இதற்குச் சட்டக் காரணமும் உண்டு. கணினி அவசரகால அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவுப்படி, நிறுவனங்கள் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். குறிப்பிட்ட இணையத் தாக்குதல்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சுவிட்சின் கடிகாரம் 1993 என்று காட்டினால் அந்தப் பதிவால் பயனில்லை. என்டிபி வைத்து நேரத்தைச் சரிசெய்யுங்கள்.

வழி 5: கிளவுட்

சிஸ்கோ மெராகி, டிபி-லிங்க் ஒமாடா, யூனிஃபை போன்றவற்றில் சுவிட்சே வெளியே போய்த் தன் மேலாளரைத் தொடர்புகொள்ளும். நீங்கள் கைபேசியிலேயே விலான் மாற்றலாம், போர்ட்டை அணைத்துப் போடலாம். ஈசிஆரில் வரிசையாக இருக்கும் ரிசார்ட்டுகள், இறால் ஹேச்சரிகள் போன்ற, தனி ஐடி ஆள் இல்லாத இடங்களுக்கு வசதி. வாங்கும் முன் இரண்டைக் கேளுங்கள்: உரிமக் கட்டணம் ஆண்டுதோறும் உண்டா? இணையம் இல்லாத நாளில் உள்ளூரில் எவ்வளவு செய்யலாம்? கணக்கை உங்கள் சொந்த மின்னஞ்சலில் திறக்காதீர்கள். வாடிக்கையாளரின் பெயரில் திறந்து, இரட்டைச் சரிபார்ப்பு போட்டு, நீங்கள் அதில் ஒரு பயனராகச் சேருங்கள். நாளை வேலை மாறினால் மனஸ்தாபம் இருக்காது.

பின்வாசல் ஒன்று

மேலே சொன்ன வழிகளில் கன்சோல் தவிர மற்றவை எல்லாம் அதே நெட்வொர்க் மீதுதான் ஓடுகின்றன. அது படுத்தால் இவையும் படுக்கும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் ஆறு மணி நேரத்துக்கும் மேல் முடங்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். பராமரிப்பின்போது போன ஒரு கட்டளை அவர்களுடைய முதுகெலும்பு நெட்வொர்க்கையே துண்டித்தது. தனியாக வைத்திருந்த மாற்றுப் பாதையும் அன்று கைகொடுக்கவில்லை. பொறியாளர்கள் டேட்டா சென்டருக்கு நேரில் போய்த்தான் சரிசெய்தார்கள். அளவுதான் வேறு, எனக்கு மரக்காணம் பஸ், அவர்களுக்கு டேட்டா சென்டர்.

பெரிய நிறுவனங்கள் இதற்குக் கன்சோல் சர்வர் வாங்கும். சிறிய இடத்துக்கு மலிவான வழி: ஒரு ராஸ்பெர்ரி பை குறுங்கணினி, சுவிட்சின் கன்சோலுக்கு யுஎஸ்பி கேபிள், ஒரு 4ஜி டாங்கிள். அலுவலக இணையம் போனாலும் சிம் வழியாக அந்தக் குறுங்கணினியில் நுழைந்து, அங்கிருந்து கன்சோலுக்குப் போகலாம். சாதாரண சிம்முக்குப் பொது ஐபி கிடைக்காது. வெளியிலிருந்து நேராகக் கூப்பிட முடியாது. குறுங்கணினியே வெளியே வந்து உங்கள் சர்வரோடு வயர்கார்ட் விபிஎன் போட்டுக்கொள்ளும்படி வையுங்கள். மாதம் ஒருமுறை அந்த வழியாக உள்ளே போய்ப் பாருங்கள். ரீசார்ஜ் தீர்ந்துபோன சிம்மோடு பின்வாசல் கட்டியவர்கள் நிறையப் பேர்.

உப்புக் காற்றில் சுவிட்ச்

மற்ற ஊர்க் கையேடுகளில் இந்தப் பகுதி இருக்காது. மரக்காணத்தில் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் உப்பளம். ஒரு பக்கம் வங்கக் கடல், இன்னொரு பக்கம் கழுவேலி ஏரி. காற்றிலேயே உப்பு. 2020 நவம்பரில் நிவர் புயல் இந்த ஊருக்குப் பக்கத்தில்தான் கரையேறியது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் வந்தபோது மரக்காணம் வட்டாரம் வெள்ளத்தில் மிதந்தது.

இங்கே முதலில் துருப்பிடிப்பது கன்சோல் போர்ட். காரணம் எளிது: மற்றப் போர்ட்டுகளில் கேபிள் செருகியிருக்கும், கன்சோல் மட்டும் ஆண்டு முழுவதும் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். அவசரத்துக்கு வேண்டிய வாசல், அவசரத்தன்று திறக்காது. காலியான போர்ட்டுகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள். கன்சோலில் ஒரு சிறு கேபிளை நிரந்தரமாகவே செருகி வையுங்கள்.

மின்விசிறி இல்லாத சுவிட்சைத் தேர்ந்தெடுங்கள். விசிறி இருந்தால் உப்புக் காற்றை உறிஞ்சி உள்ளே பூசும். ஐபி65 தரப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை போட்டு, மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் மாற்றுங்கள். பெட்டியைச் சுவரில் வைப்பதற்கு முன், போன வெள்ளம் எவ்வளவு ஏறியது என்று அங்கே வேலை செய்பவரிடம் கேளுங்கள். சுவரில் கறையையே காட்டுவார்.

கட்டடத்துக்குக் கட்டடம் தாமிரக் கேபிள் வேண்டாம். 100 மீட்டர் வரம்பு ஒரு காரணம். இடி இன்னொரு காரணம். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஒரு பக்கம் விழுந்த இடி மறுபக்கச் சுவிட்சைக் கொண்டுபோகாது. உப்பு மண்ணில் எர்த் நன்றாகக் கிடைக்கும், ஆனால் கம்பி சீக்கிரம் அரித்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

தூரத்திலிருந்து கை வைக்கும் முன்

என் பஸ் செலவில் கற்ற வரிசை இது.

1. இப்போது ஓடும் அமைப்பைப் பிரதி எடுத்து உங்கள் கணினியில் தேதி போட்டு வையுங்கள். ஓடுவது ரன்னிங்-கான்ஃபிக், சேமித்தது ஸ்டார்ட்டப்-கான்ஃபிக். இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

2. நீங்கள் எந்தப் போர்ட், எந்த விலான் வழியாக உள்ளே வந்திருக்கிறீர்கள் என்று தாளில் வரையுங்கள். அந்தக் கோட்டைத் தொடும் மாற்றமா? அப்படியென்றால் இரட்டிப்புக் கவனம்.

3. நல்ல அமைப்பைச் சேமித்துவிட்டு, 'ரீலோட் இன் 10' கொடுங்கள். பத்து நிமிடத்தில் சுவிட்ச் தானாக மறுதொடக்கம் ஆகும். இப்போது மாற்றத்தைச் செய்யுங்கள், சேமிக்காதீர்கள். வழி அடைந்துபோனால் பத்து நிமிடத்தில் பழைய அமைப்போடு எழுந்து நிற்கும்.

4. மாற்றம் சரியென்றால், பழைய சாளரத்தை மூடாமல் புதிதாக இன்னொன்று திறந்து உள்ளே போக முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் 'ரீலோட் கேன்சல்'. பிறகுதான் சேமிப்பு. ஜூனிப்பர் சுவிட்சுகளில் இதே வேலையை 'கமிட் கன்ஃபர்ம்டு' செய்யும்.

5. சேமிக்கும் கட்டளையை எக்காரணம் கொண்டும் மற்ற கட்டளைகளோடு சேர்த்து ஒட்டாதீர்கள்.

மறுதொடக்கமானால் எல்லாருக்கும் இணைப்பு சில நிமிடம் அறும். அதனால் லாரி வரிசையில் நிற்கும் நேரத்தில் இதைச் செய்யக்கூடாது. வாடிக்கையாளரிடம் நேரம் கேட்டு, அவர் ஒப்புக்கொண்டதை ஒரு வரி வாட்ஸ்அப்பிலாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் போக

திண்டிவனம், விழுப்புரம், பாண்டிச்சேரி பக்கம் ஐடிஐ, பாலிடெக்னிக் முடித்தவர்கள் "நெட்வொர்க் வேலை என்றால் சென்னை, பெங்களூரு" என்று நினைக்கிறார்கள். தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுசெல்லும் பணி பாரத்நெட் திட்டத்தின் கீழ் டான்ஃபிநெட் நிறுவனத்திடம் இருக்கிறது. இழை போகும் இடமெல்லாம் முனையில் ஒரு பெட்டி; பெட்டி இருக்கும் இடமெல்லாம் அதைத் திறக்கத் தெரிந்த ஒருவர் தேவை. பள்ளி, வங்கிக் கிளை, ஹேச்சரி, ரிசார்ட் என்று உள்ளூரிலேயே ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்துப் பிழைப்பவர்கள் உண்டு.

கற்கச் செலவு குறைவு. சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் பதிந்தால் பாக்கெட் டிரேசர் இலவசம். கன்சோல் கேபிள் இழுப்பது முதல் எஸ்எஸ்எச் வரை திரையிலேயே செய்து பார்க்கலாம். கை பழக வேண்டுமென்றால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய கேட்டலிஸ்ட் ஒன்று தேடிப் பிடியுங்கள். அதன் கடவுச்சொல் தெரியாது என்று கடைக்காரர் சொன்னால் இன்னும் நல்லது. முதல் பாடமே மோட் பொத்தான். அரசின் நான் முதல்வன் திட்டத்தில் உங்கள் கல்லூரிக்கு நெட்வொர்க்கிங் பாடம் வந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். சிஸ்கோவின் சிசிஎன்ஏ சான்றிதழ்த் தேர்வுக்கு 300 அமெரிக்க டாலர். படித்து, பயிற்சி செய்து, மாதிரித் தேர்வில் தேறிய பிறகு கட்டுங்கள்.

நேர்காணலில் கட்டளைகளை மனப்பாடமாக ஒப்பிப்பவர் நிறைய. "சுவிட்ச் பதில் சொல்லவில்லை, என்ன செய்வாய்?" என்று கேட்பார்கள். பிங் செய்வேன், அதே விலானிலிருந்து முயல்வேன், பக்கத்துச் சுவிட்சில் நுழைந்து அண்டைப் பட்டியலையும் போர்ட் நிலையையும் பார்ப்பேன், அங்கே இருப்பவரிடம் விளக்கு என்ன நிறம் என்று கேட்பேன், பின்வாசலில் போவேன், கடைசியில் கன்சோலோடு நேரில் போவேன் என்று வரிசையாகச் சொல்பவரை எடுப்பார்கள்.

பையில் இருக்க வேண்டியவை: கன்சோல் கேபிள், யுஎஸ்பி மாற்றி, மினி யுஎஸ்பியும் யுஎஸ்பி-சியும் ஒவ்வொன்று, கிரிம்பிங் கருவி, பத்து ஆர்ஜே-45 முனைகள், கான்டாக்ட் கிளீனர், டார்ச், டிரைவர் உள்ள பென்டிரைவ். ரேக் கதவின் உட்புறம் ஒட்ட ஒரு தாள்: சுவிட்சின் பெயர், ஐபி, மேலே போகும் போர்ட் எண், உங்கள் கைபேசி எண். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதாதீர்கள்.

தை பிறந்து, பாத்திகளைச் செப்பனிடத் தொடங்கியிருந்த ஒரு நாள், அதே எடைமேடை சுவிட்சில் மறுபடி வேலை. சென்னையிலிருந்துதான். நிர்வாக விலானுக்குப் போட்ட அக்சஸ் லிஸ்ட்டில் ஓர் எண்ணை மாற்றி அடித்துவிட்டேன். பழையபடி திரை உறைந்தது. நான் டீ போட எழுந்து போனேன். குடித்து முடிக்கும்போது கைபேசி அடித்தது.

"தம்பி, பொட்டியில லைட்டு எல்லாம் அணைஞ்சி திரும்ப எரியுது. நீயா?"

"நான்தாண்ணே."

"இந்த வாட்டி வரலியா?"

"வேலை முடிஞ்சிடுச்சிண்ணே" என்று சொல்லிவிட்டு, மறுபடி உள்ளே போய் எண்ணைச் சரியாக அடித்தேன்.